ஒலிபெருக்கி வளர்ந்த வரலாறு

தெற்கு அந்தமான் தீவில், 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜய புரம் என வழங்கப்பெறும் பழைய போர்ட் பிளேர் நகருக்குத் தென்மேற்கே, கடலோரமாக வண்டூர் என்றொரு சிற்றூர் உண்டு. 1983இல் அமைக்கப்பெற்ற மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயில் அதுவேயாகும். ஆயினும் அவ்வூரின் பெயர் அந்தமானில் பிறந்ததன்று. 1921இல் மலபாரில் மூண்ட மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பெற்றோர், தாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களைப் புதிய மண்ணுக்கும் இட்டனர். வண்டூரும், மஞ்சேரியும், திரூரும் அவ்வாறு கடல் கடந்து வந்த பெயர்களே. ஊரைத் தூக்கிவர இயலாத மாந்தர் ஊரின் பெயரை மட்டும் நாவில் ஏந்தி வந்தனர்.

நாம் பிறந்த நாட்டை விட்டுப் பிரிந்து வாழுங்கால் நம்முடன் வருவது பெரும்பாலும் ஒலியே. தாய்மொழியின் பேச்சு, திருவிழாவின் நாகசுரம், தாலாட்டின் மெட்டு ஆகிய இவையே நம் மூட்டையில் அடங்கும் செல்வங்கள். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழர் தொகை சிறிதன்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருள் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டதும் உண்டு. 1963ஆம் ஆண்டு போர்ட் பிளேரில் வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. அத்தீவுகளிலாயினும், பம்பாயிலாயினும், தில்லியிலாயினும், இன்று ஒரு தமிழ்க் குடும்பத்தின் செவிக்குத் தமிழ் சென்று சேரும் கடைசிப் படி ஒன்றே. அதுதான் வீட்டிலுள்ள ஒலிபெருக்கி.

கடைகளிலோ சில நூறு ரூபாய் முதல் பல இலட்சம் ரூபாய் வரை விலையுள்ள ஒலிபெருக்கிகள் அணிவகுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் தானே தலைசிறந்தது என்கிறது. இவற்றுள் சிறந்தது எது, அதனைச் சிறந்ததாக்குவது யாது என்னும் வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அக்கருவி நடந்துவந்த நூற்றாண்டுப் பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. ஏனெனில் அவ்வரலாறு முழுவதும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றது. ஒலிபெருக்கியை உரக்கப் பேசவைக்க மனிதனுக்கு நெடுங்காலம் ஆகவில்லை. அதைத் தன் பேச்சை நிறுத்தச் செய்வதற்கே நெடுங்காலம் ஆயிற்று.

1876இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசியைக் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை அமைத்தார். அக்கருவியில் மின்சாரம் இல்லை. ஊசியின் அசைவை ஒரு மெல்லிய தகடு பெற்று அதிர, அவ்வதிர்வை ஒரு கொம்பு பெரிதாக்கி அறைக்குள் அனுப்பியது. நாகசுரத்தின் அணசு எவ்வாறு சீவாளியின் சிறு துடிப்பைத் தெருவெங்கும் பரப்புகின்றதோ, அதே முறைதான். ஆனால் நாகசுரத்தின் அணசுக்குத் தன் நாதத்தை வெளியிடுவது கடமை. இசைத்தட்டுப் பெட்டியின் கொம்புக்கோ பிறர் நாதத்தை வெளியிடுவதே கடமை. அது அக்கடமையை மறந்து, பாடுவோர் யாவராயினும் அவர் குரலோடு தன் மூக்கொலியையும் சேர்த்தே தந்தது.

மின்சாரத்தால் இயங்கும் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் நிறுத்திய பெருமை டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனுக்கும், அமெரிக்கரான எட்வின் பிரிதாமுக்கும் உரியது. காந்தப் புலத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருளை நிறுத்தி, அதில் பேச்சின் மின்னோட்டத்தைச் செலுத்தினால் சுருள் முன்னும் பின்னும் அசையும். அவ்வசைவைத் தகட்டுக்குக் கொடுத்து, தகட்டின் முன் கொம்பைப் பொருத்தினர். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னாளில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் அக்கருவி முழங்கியது. தனி மனிதன் குரல் பல்லாயிரவர்க்கு எட்டும் காலம் அன்று பிறந்தது எனலாம்.

பொதுவிடத்துக் கொம்பு வீட்டுக் கூடத்துக்கு ஏற்றதாயிற்றா? இல்லை. அதற்கு இன்னும் பத்தாண்டுகள் தேவைப்பட்டன. 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டனர். கொம்பை அகற்றிவிட்டு, கம்பிச்சுருளோடு ஒரு சிறு காகிதக் கூம்பை ஒட்டி, அதன் விளிம்பை மென்மையாகத் தாங்கச் செய்தால், அக்கூம்பு அகன்ற வரிசை அதிர்வுகளை ஏறத்தாழ ஒரே அளவில் வெளியிடும் என்று அவர்கள் காட்டினர். நம் கைப்பேசியினுள் இருக்கும் நகத்தளவுக் கருவி முதல் மாளிகையில் ஆளுயரம் நிற்கும் கருவி வரை, இன்றைய ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை அக்கட்டுரையின் வழித்தோன்றல்களே.

அதே காலத்தில் நம் நாட்டில் நிகழ்ந்தது யாது? 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, 1927இல் பொருட்குறையால் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்ற மக்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் பிறந்தன. பின்னர் ஊராட்சிதோறும் வானொலி அறைகள் எழுந்தன. அவற்றின் உச்சியிலிருந்த கொம்புகள் ஊர் முழுமைக்கும் செய்தியும் பாட்டும் வழங்கின.

இதனால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. எனினும் ஒரு பழக்கமும் உடன் விளைந்தது. தமிழர் ஒலிபெருக்கியை முதலில் அறிந்தது வெட்டவெளியில், கூட்டமாக நின்று கேட்கும் கருவியாகத்தான். அங்கே அதன் தகுதி எவ்வளவு தொலைவுக்கு எட்டுகின்றது என்பதே. திருமணப் பந்தலும் கோயில் விழாவும் அக்கருத்தை உறுதிப்படுத்தின. நாம் அதற்கு இட்ட பெயரும் ஒலியைப் பெருக்குவது என்றே பொருள்படுகின்றது. இதன் விளைவாக, வீட்டுக்கு ஒன்று வாங்கும்போதும் பலர் முழக்கத்தையே சிறப்பென மயங்குகின்றனர். வீட்டுக் கூடத்தில் வேண்டுவது பெருக்கம் அன்று, பிழையின்மை.

அப்பிழையின்மையை நாடிச் சென்றோர் முதலில் எதிர்கொண்ட இடர் கூம்பின் பின்புறம். கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கின்றது. இரண்டும் கலந்தால் மந்தர ஒலி தானே அழிந்துபோம். ஆகவே பின்புறத்தை மறைக்க ஒரு பெட்டி வேண்டும். அப்பெட்டியை எவ்வாறு அமைப்பது என்பதிலேதான் உயர்ந்த வீட்டு ஒலிபெருக்கிகள் வெவ்வேறு குலங்களாகப் பிரிந்தன.

பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தூராஸ், 1932இல் உரிமம் பெற்ற முறையில், பெட்டியில் ஒரு துளையிட்டுப் பின்புற அலையைத் தக்க தாமதத்தோடு முன்புற அலைக்குத் துணையாக்கினார். அமெரிக்காவின் ஹோப் என்னும் ஊரில் பால் கிளிப்ஷ் 1946இல் கிளிப்ஷ்ஹார்ன் என்ற கருவியைச் செய்தார். அவர் நீண்ட கொம்பை மடித்துப் பெட்டியினுள் அடக்கி, அறை மூலையின் இரு சுவர்களையே அக்கொம்பின் நீட்சியாக்கினார். சிறிய மின்னாற்றலில் பெரிய முழக்கமும் உயிர்த்துடிப்பும் தருவது அதன் சிறப்பு. தக்க மூலை இல்லாத அறையில் அது பயனற்றது என்பது அதன் குறை.

1954இல் எட்கர் வில்ச்சர் முற்றிலும் வேறு வழி கண்டார். கூம்பின் விளிம்பை மிகத் தளர்வாக்கி, இறுக அடைத்த சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே அதன் வில்லாக அவர் பயன்படுத்தினார். உலோகமும் துணியும் சீராக மீள்வதில்லை. காற்று மிகச் சீராக மீளும். ஆகவே புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து, அதுகாறும் பெரும் பேழைகளே தந்த மந்தர ஒலி தெளிவாக வெளிப்பட்டது. விலையாக அவர் கொடுத்தது மின்னாற்றல். அக்கருவியை இயக்க வலிய மிகைப்பி வேண்டியிருந்தது.

1957இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் பெட்டியையே ஒழித்துவிட்டார். அவருடைய குவாட் நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பு இல்லை, காந்தமும் இல்லை. துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே, பல ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய படலம் ஒன்று முழுவதுமாக அசைகின்றது. மனிதக் குரலை அத்துணைத் தூய்மையாகத் தந்த கருவி அதற்கு முன் இல்லை எனப் பலரும் போற்றினர். ஆனால் ஆழ்ந்த மந்தரமும் மிகுந்த முழக்கமும் அதற்கு எட்டவில்லை. வண்டூர் போன்ற கடலோர ஊரில் ஈரமும் தூசும் அதன் மின்னூட்டத்தைக் கசியச் செய்யும் என்பதையும் நினைவிற்கொள்க.

அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் 1968இல் 901 என்னும் கருவியை வெளியிட்டார். அவர் தந்தையார் வங்காளத்து விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுப் பின் அமெரிக்கா சென்றவர். இசை மண்டபத்தில் நம் செவியை அடைவதில் பெரும்பகுதி சுவர்களிற்பட்டு மீளும் ஒலியே என்பது போஸின் வாதம். ஆகவே ஒன்பது சிறு கூம்புகளில் எட்டினைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தார். ஒலி அகன்று விரிந்தது. ஆயினும் பாடகர் நிற்கும் இடம் தெளிவுபடவில்லை என்றும் பலர் குறை கூறினர்.

இப்போது பெட்டி செய்யும் மரத்தைப் பற்றி ஒரு சொல். அந்தமானின் படாக் மரம் உலகப் புகழ் பெற்றது. செந்நிறமும், உறுதியும், கரையானுக்கு இடங்கொடாத தன்மையும் உடையது. போர்ட் பிளேரை அடுத்த சாத்தம் தீவில் 1883இல் நிறுவப்பெற்ற அரசு மரம் அறுக்கும் ஆலை அம்மரத்தைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. அத்தகைய மரத்தால் ஒலிபெருக்கிப் பெட்டி செய்தால் இசை இனிமையாகும் என எண்ணுவது இயல்பு. வீணைக்கு நாம் பலா மரத்தைத் தேர்வது அது நன்றாக ஒலிப்பதனால் அல்லவா?

ஆனால் இங்கே நிலைமை நேர்மாறானது. வீணைக் குடம் ஒலிக்க வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டி ஒலிக்கலாகாது. பெட்டி தானும் சேர்ந்து பாடுமாயின், அரியக்குடியும் எம். எஸ். சுப்புலட்சுமியும் ஒரே மரத்தின் சாயலைப் பெற்றுவிடுவர். பிரிட்டனின் பி.பி.சி. பொறியாளர் இதனை நெடுநாள் ஆராய்ந்தனர். தடித்த மரத்தைவிட, மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையின் உட்புறம் அதிர்வை விழுங்கும் கனத்த பொருளை ஒட்டினால், பெட்டியின் சொந்த முனகல் செவிக்கு எட்டாத அளவு தாழ்ந்து அடங்கும் எனக் கண்டனர். 1970களில் அவர்கள் வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்காக வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் கருவி ஒரு முழ உயரங்கூட இல்லாதது. மந்தர ஒலி அதில் குறைவுதான். எனினும் பேச்சுக்குரலையே உரைகல்லாகக் கொண்டு செதுக்கப்பட்டதாதலின், அரை நூற்றாண்டு கடந்தும் அதனைத் தேடி வாங்குவோர் உளர். 1980களில் பௌவர்ஸ் அண்டு வில்கின்ஸ் நிறுவனத்தார் பெட்டியினுள் தேன்கூடு போன்ற சட்டங்களை அமைத்து வேறு வழியில் அதே அமைதியை நாடினர். நம் நாட்டிலும் கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக்கலைஞர் ரெத்ம் என்னும் பெயரில் உயர்தர ஒலிபெருக்கிகளை வடித்து வெளிநாடுகளுக்கும் அனுப்பியுள்ளார்.

இத்தனை குலங்களில் எது சிறந்தது? இவ்வினாவைச் செவியிடமே விட்டுவிடலாமே எனில், செவி எளிதில் மயங்குவது என்பதற்கும் வரலாறு சான்று தருகின்றது. எடிசன் நிறுவனத்தார் 1915 முதல் ஊர் ஊராகச் சென்று, மேடையில் பாடகியையும் இசைப்பெட்டியையும் அருகருகே நிறுத்தி, எது குரல், எது பெட்டி எனக் கூறுமாறு மக்களை வினவினர். மக்கள் வேறுபாடு அறியாது வியந்தனர். மின்சாரமே இல்லாத கொம்புக் கருவியை அன்று மெய்க்குரலெனக் கொண்டனர். மேடையேறிய பாடகியருள் ஒருவரான அன்னா கேஸ், தம் குரலைப் பெட்டியின் ஒலிக்கு ஏற்ப அடக்கிப் பாடியதாக முதுமையில் தெரிவித்தார். கருவி மனிதனைப் போலப் பாடவில்லை. மனிதன் கருவியைப் போலப் பாடினான்.

இம்மயக்கத்தைக் களைந்து உண்மை காண முற்பட்டவர் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின் மறைத்து, முழக்கத்தை ஒரே அளவாக்கி, கேட்போரை மதிப்பெண் இடச் செய்தார். 1980களில் வெளிவந்த அவருடைய முடிவுகள் வியப்பூட்டுவன. கண்ணுக்கு மறைக்கப்பட்டபோது, வெவ்வேறு இசைப் பழக்கமுடையோரும் பெரும்பாலும் ஒரே கருவியையே சிறந்ததென்றனர். அக்கருவி, தாழ்ந்த அதிர்வு முதல் உயர்ந்த அதிர்வு வரை எதனையும் மிகுக்காமலும் குறைக்காமலும் தந்தது. நேர் எதிரே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அச்சீர்மையைக் காத்தது. 1994இல் டூலும் சீன் ஆலிவும் நான்கு ஒலிபெருக்கிகளை, முதலில் மறைத்தும் பிறகு காட்டியும் சோதித்தனர். மறைத்தபோது நன்மதிப்புப் பெற்ற சிறிய, மலிவான கருவி, கண்ணிற் பட்டதும் தாழ்ந்தது. பெரியவையும் விலையுயர்ந்தவையும் ஏற்றம் பெற்றன. வாங்குவோன் செவியால் கேட்பதாக எண்ணிக் கண்ணால் கேட்கின்றான் என்பது இதனால் தெளிவாகும்.

நம் இசைக்கும் மொழிக்கும் இம்முடிவு பொருந்துமா எனில், மிகவும் பொருந்தும். தம்புராவை எண்ணுங்கள். அதன் அகன்ற குதிரையும், தந்திக்கு அடியில் நாம் இடும் ஜீவா நூலும் சேர்ந்து, சாதாரணத் தந்தியில் எழாத மேற்சுரங்களையும் எழச் செய்கின்றன என்பதை சர் சி. வி. இராமன் 1920களின் தொடக்கத்திலேயே விளக்கினார். மிருதங்கத்தின் வலந்தலையிலுள்ள கருஞ்சோறு, தோலின் தாறுமாறான அதிர்வுகளைச் சுரத்தொடர்பு உடையனவாக ஆக்குகின்றது என்பதும் அவர் கண்ட உண்மையே. ஆகவே நம் கருவிகளின் உயிர் மேற்சுரங்களின் அளவொத்த கூட்டில் இருக்கின்றது. ஒலிபெருக்கி அவற்றுள் ஒன்றை மிகுத்தால் தம்புரா இரைச்சலாகும். ஒன்றைக் குறைத்தால் மிருதங்கம் வெறும் தட்டலாகும்.

மொழிக்கு நேரும் இழப்போ இன்னும் பெரிது. லகர, ளகர, ழகரங்களைச் செவி பிரித்தறியத் துணைபுரியும் அடையாளங்களில் முக்கியமானவை நொடிக்கு ஏறத்தாழ 1500 முதல் 3000 வரையுள்ள அதிர்வுகளில் அமைந்துள்ளன. மந்தரத்தை மட்டும் உறுமச் செய்து அப்பகுதியை மழுக்கும் பெட்டியில், வாழையும் வாளையும் ஒன்றுபோலவே ஒலிக்கும். தமிழ்நாட்டில் வாழும் குழந்தைக்கு அதனால் பெருங்கேடில்லை. தெருவில் இறங்கினால் மொழி காதில் விழும். அந்தமானிலோ, கல்கத்தாவிலோ வளரும் தமிழ்க் குழந்தைக்குப் பெற்றோர் வாய்மொழிக்கு அடுத்தபடி தமிழைத் தருவது ஒலிபெருக்கியே. அது திரிபுறப் பேசினால் குழந்தையின் தமிழும் திரிபுறும். ஆதலால் நல்ல ஒலிபெருக்கி என்பது செல்வர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. புலம்பெயர்ந்தோர் வீட்டின் தேவையுமாகும்.

வாங்க எண்ணும் அன்பர்கள் இவ்வரலாற்றினின்று சில நெறிகளைக் கொள்ளலாம். இரண்டை ஒப்பிடுங்கால் முழக்கத்தைச் சமமாக்கிக் கேளுங்கள். சிறிதளவே உரத்து ஒலிப்பதும் செவிக்குச் சிறந்ததாகத் தோன்றிவிடும். பழகிய ஒருவர் பேச்சையும், தம்புராவோடு கூடிய ஒரு பாட்டையும் உரைகல்லாக்குங்கள். எது ஒலிக்கின்றது எனத் தெரியாதவாறு வீட்டார் ஒருவரை மாற்றி மாற்றி இயக்கச் சொல்லுங்கள். நேரே அமர்ந்தும், சற்று விலகி அமர்ந்தும் கேளுங்கள். அறை மூலையில் வைத்தால் மந்தரம் மிகும் என்பதால், மூலைக்கென அமைந்ததல்லாத கருவியைச் சுவரினின்று தள்ளி வையுங்கள். கடலோர ஊர்களில் வாழ்வோர் கூம்பின் விளிம்பு நுரைப்பொருளாலன்றி ரப்பரால் ஆனதா என நோக்குதல் நலம். வெப்பமும் ஈரமும் நுரைப்பொருளைச் சில ஆண்டுகளிலேயே பொடியாக்கிவிடும்.

நல்ல தூதன் தன் கருத்தைச் சேர்ப்பதில்லை. அனுப்பியவர் சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் கொண்டு சேர்க்கின்றான். ஜென்சன் முதல் டூல் வரை பலர் உழைத்தும் ஒலிபெருக்கிக்கு அப்பண்பு இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. ஆயினும் எக்கருவியின் முன் அமர்ந்தால் கருவி இருப்பதையே மறந்து, பாடுபவரையும் பேசுபவரையும் மட்டும் நாம் உணர்கின்றோமோ, அதுவே நம் வீட்டுக்குரிய சிறந்த ஒலிபெருக்கி. விலைச்சீட்டை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.